பூங்கார் பக்கத்தை முதலில் எழுதுங்கள்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பா பல ஆண்டுகளாகச் சேர்த்துப் பயிரிட்டு வரும் பூங்கார் போன்ற பாரம்பரிய நெல் ரகங்களைப் பற்றித் தமிழில் ஓர் இணையதளம் தொடங்கப் போகிறீர்கள். கையில் இருப்பது 40,000 ரூபாய். வடிவமைப்பாளர் ஒருவர் 32,000 கேட்கிறார்; தளம் முதலில் கண்ணைக் கவர வேண்டும், கட்டுரைகளைப் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்கிறார். உங்கள் அப்பாவோ, விஷயம் இருந்தால் வெள்ளைத் தாளில் கொடுத்தாலும் படிப்பார்கள் என்கிறார். இருவரில் யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு உள்ளே கேட்கிற கேள்வி வேறு: இந்தப் பணத்தையும் உழைப்பையும் எந்த வரிசையில் செலவிட்டால், விதை தேடி வருகிற ஒரு விவசாயி வந்த காரியம் முடிந்து திரும்புவார்? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

ஏழு ஆண்டுகள் ஒரு வார இதழின் லே-அவுட் பிரிவில் இருந்தேன். அதன் பிறகு இருபது ஆண்டுகளாக இணையதளங்கள் செய்கிறேன். பெரும்பாலும் தமிழ்த் தளங்கள். சிறு பதிப்பகங்கள், பள்ளிகள், அறக்கட்டளைகள், ஒன்றிரண்டு செய்தித் தளங்கள். பொருள் விற்கும் பெரிய தளங்களில் எனக்கு அனுபவம் குறைவு. ஆகவே விற்பனை பற்றி நான் ஏதாவது சொன்னால் அதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

இதழ் அலுவலகத்தில் கட்டுரைக்கு 'மேட்டர்' என்று பெயர். எங்கள் மூத்த ஓவியர் மேட்டர் கைக்கு வராமல் பக்கத்தில் ஒரு கோடுகூடப் போடமாட்டார். தலைப்பில் எத்தனை எழுத்து, கட்டுரை எத்தனை பத்தி, படத்தில் இருப்பது நிற்கிற மனிதரா, விரிந்து கிடக்கிற வயலா என்று பார்த்த பிறகுதான் ஸ்கேலைக் கையில் எடுப்பார். இணையத்துக்கு வந்தபோது இந்த வரிசை தலைகீழாக இருந்ததைப் பார்த்தேன். முதலில் பெட்டிகள் வரையப்பட்டன. அந்தப் பெட்டிகளுக்குள் பொருளற்ற லத்தீன் வரிகள் நிரப்பப்பட்டன. 'லோரம் இப்சம்' என்று தொடங்கும் அந்த வரிகளை உங்கள் வடிவமைப்பாளரின் மாதிரிப் பக்கத்திலும் பார்த்திருப்பீர்கள். ரோமானிய அறிஞர் சிசரோ கி.மு. 45-இல் எழுதிய ஒரு நூலின் சிதைந்த துண்டு அது. 1960-களில் லெட்ராசெட் ஒட்டெழுத்துத் தாள்களில் மாதிரி வரியாக வந்து, 1980-களில் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் வழியாகக் கணினிக்குள் நுழைந்தது. பெரும்பாலும் குட்டைச் சொற்களாக இருப்பதால் எந்தப் பெட்டிக்குள்ளும் அழகாக உட்காரும். தமிழ் அப்படி உட்காராது.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு தவறின் வழியாக. ஓர் அறக்கட்டளைக்குத் தளம் செய்தபோது, அவர்கள் எழுதித் தரத் தாமதமானதால் லத்தீன் வரிகளைப் போட்டு முழு வடிவத்தையும் முடித்துவிட்டேன். எல்லோருக்கும் பிடித்திருந்தது. இரண்டு மாதம் கழித்துத் தமிழ் மேட்டர் வந்தது. 'சப்மிட்' என்ற சொல்லுக்காக வரைந்த பொத்தானில் 'சமர்ப்பிக்கவும்' என்பது அடங்கவில்லை. மெனுவில் ஆறு தலைப்புகள் ஒரே வரியில் நிற்க வேண்டும். தமிழில் மூன்றோடு வரி முடிந்தது. தலைப்பு எழுத்துகளின் மேல்விலங்கும் கீழ்ச்சுழியும் அடுத்த வரியோடு மோதின. ஒரு திட்டத்தைப் பற்றி எட்டுப் பத்தி எழுதியிருந்தார்கள், மற்றொன்றைப் பற்றி இரண்டே வரி. நான் வரைந்த நான்கு பெட்டிகளோ சம அளவு. பெட்டிக்கு ஏற்ப மேட்டரை வெட்டினோம். அந்த எட்டுப் பத்தியில் வெட்டுப்பட்டது, உதவித்தொகைக்கு யார் விண்ணப்பிக்கலாம் என்ற விவரம். அதைக் கேட்டுத் தொடர்ந்து தொலைபேசி அழைப்புகள் வந்த பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்குப் புரிந்தது.

ஆகவே 'கட்டுரைகளைப் பிறகு போட்டுக்கொள்ளலாம்' என்பதை நான் உறுதியாக மறுக்கிறேன். அதற்காக உங்கள் அப்பா முழுக்கச் சரி என்றும் சொல்லிவிட முடியாது. தோற்றம் வாசகரின் மனத்தில் வேலை செய்கிறது, அதுவும் வேகமாக. கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், பக்கத்தை 50 மில்லிநொடி, அதாவது ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரம் மட்டுமே பார்த்தவர்கள் அதன் அழகைப் பற்றிச் சொன்ன கருத்து, அரை நொடி பார்த்தவர்கள் சொன்ன கருத்தோடு பெருமளவு ஒத்திருந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2002-இல் 2,500-க்கும் மேற்பட்டவர்களிடம், ஒரு தளத்தை ஏன் நம்புகிறீர்கள் என்று கேட்டபோது, வந்த கருத்துகளில் ஏறத்தாழ 46 விழுக்காடு தோற்றத்தைப் பற்றியே இருந்தன. வடிவமைப்பாளர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் எண் இதுதான். ஆனால் அதே நேரத்தில் நடந்த துணை ஆய்வு ஒன்றை அவர்கள் சொல்வது அரிது. மருத்துவத் துறையினரிடமும் நிதித் துறையினரிடமும் அவரவர் துறைத் தளங்களைக் காட்டிக் கேட்டபோது, தோற்றத்தைப் பற்றிய பேச்சு வெகுவாகக் குறைந்துவிட்டது. எழுதியவர் யார், தகவல் எங்கிருந்து வந்தது, விவரம் சரியா என்பதையே அவர்கள் பார்த்தார்கள்.

இந்த இரண்டாவது முடிவு உங்களுக்கு மிக முக்கியம். நெல்லைப் பொறுத்தவரை விவசாயி துறை வல்லுநர். காட்டுயானத்தை மூன்று மாதப் பயிர் என்று எங்காவது எழுதிவிட்டால், எத்தனை அழகான பக்கமானாலும் அந்த வரியோடு மூடிவிடுவார். ஏறத்தாழ ஆறு மாதம் நிற்கிற பயிர் அது என்பது அவருக்குத் தெரியும். நகரத்திலிருந்து அரிசி வாங்க வருகிறவர் வேறு வகை. அவருக்கு ரகம் தெரியாது, ஆகவே முகத்தைப் பார்த்தே முடிவு செய்வார். இரண்டு வகையினரும் உங்களிடம் வருவார்கள். மேற்சொன்ன ஆய்வுகள் பெரும்பாலும் ஆங்கிலம் படிக்கும் வட அமெரிக்கர்களிடம், மேசைக் கணினிக் காலத்தில் செய்யப்பட்டவை. வயல்வரப்பில் நின்று கைபேசியில் தமிழ் படிக்கிறவருக்கு அந்த எண்களை அப்படியே பொருத்த முடியாது. முதல் பார்வை முக்கியம், தெரிந்தவர் தோற்றத்தைத் தாண்டிப் பார்ப்பார் என்ற இரண்டு போக்குகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். என் இருபது ஆண்டு அனுபவமும் அவற்றோடு ஒத்துப்போகிறது.

வடிவமைப்பு என்றவுடன் பலருக்கும் தோன்றுவது முகப்பில் தானாக நகரும் பெரிய படங்கள். உங்கள் வடிவமைப்பாளர் தந்த மதிப்பீட்டிலும் ஐந்து படம் கொண்ட அத்தகைய ஸ்லைடர் இருக்கிறது. அமெரிக்காவின் நோட்ர டேம் பல்கலைக்கழகத் தளத்தில் இத்தகைய ஸ்லைடரைக் கணக்கிட்டு 2013-இல் வெளியிட்டார்கள். முகப்புக்கு வந்தவர்களில் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான் அதைத் தட்டினார்கள். அதிலும் பெரும்பகுதி முதல் படத்துக்குப் போய்விட்டது. பின்னால் வரும் படங்களைத் தொட்டவர்கள் வெகு சிலரே. ஒரு பல்கலைக்கழகத்தின் கணக்கு எல்லாத் தளத்துக்கும் சட்டமாகிவிடாது. ஆனாலும் நான் செய்த தளங்களில் ஸ்லைடரை எடுத்தபோது யாரும் குறை சொன்னதில்லை. அதை விட்டுவிடுங்கள்.

நல்ல வடிவமைப்பு எப்படி இருக்கும் என்பதற்கு நான் காட்டும் உதாரணம் பிரிட்டிஷ் அரசின் கவ்.யூகே தளம். 2012 அக்டோபரில் பழைய இரண்டு பெரிய அரசுத் தளங்களுக்குப் பதிலாக அது வந்தது. வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து. கண்ணைப் பறிக்கிற படம் எதுவும் இல்லை. எழுத்துரு மட்டும், அந்த நாட்டுச் சாலைப் பலகைகளுக்காக உருவான எழுத்தைத் திரைக்கு ஏற்பச் சீர்செய்தது. லண்டன் வடிவமைப்பு அருங்காட்சியகம் 2013-இல் ஆண்டின் சிறந்த வடிவமைப்பு விருதை அந்தத் தளத்துக்குத்தான் கொடுத்தது. அதில் பொது விடுமுறைகளைப் பற்றி ஒரு பக்கம் உண்டு. திறந்தவுடன், அடுத்த விடுமுறை எந்த நாள் என்பது பெரிய எழுத்தில் முதலில் நிற்கும். முழு ஆண்டுப் பட்டியல் அதற்குக் கீழே. வருகிறவர்கள் அதைத்தான் கேட்டு வருகிறார்கள் என்று கண்டுபிடித்தவர் எழுத்தாளரா, அதைப் பெரிதாக்கி மேலே வைத்தவர் ஓவியரா? இரண்டும் ஒரே வேலை. அங்கே அந்த வேலையைச் செய்கிறவர்களுக்கு 'உள்ளடக்க வடிவமைப்பாளர்' என்றே பதவிப் பெயர் வைத்திருக்கிறார்கள். தராசின் ஒரு தட்டில் அழகு, மறு தட்டில் விஷயம் என்று நீங்கள் வைத்துப் பார்ப்பதால்தான் குழப்பம் வருகிறது. எதை முதலில் சொல்வது, எதைப் பெரிதாகச் சொல்வது, எதை விட்டுவிடுவது என்ற முடிவுகள் எழுத்தில் தொடங்கி வடிவத்தில் முடிகின்றன.

உங்கள் தளத்தில் பூங்கார் என்ற ரகத்துக்கு ஒரு பக்கம் இருக்கும் அல்லவா? விவசாயி கேட்பது: எந்தப் பட்டத்துக்கு (விதைப்புப் பருவத்துக்கு) ஏற்றது, எத்தனை நாள், எந்த மண், தண்ணீர் தேங்கினால் தாங்குமா, சாயுமா, ஏக்கருக்கு விதை எவ்வளவு, எங்கே கிடைக்கும். இந்த ஏழும் பக்கத்தின் தலையில் ஒரு சிறு அட்டவணையாக நிற்கட்டும். பெயர் வந்த கதை, பாட்டி சொன்ன பக்குவம், உடம்புக்கு நல்லது என்பதெல்லாம் கீழே வரட்டும். (மருத்துவ குணங்களைப் பற்றி எழுதும்போது கவனம் தேவை. ஆய்வில் நிறுவப்பட்டதையும் மக்கள் நம்பிக்கையையும் தனித்தனி வாக்கியங்களில் எழுதுங்கள். ஒரே வாக்கியத்தில் கலந்தால் இரண்டின் மதிப்பும் போய்விடும்.) அப்பாவின் வயலில் கண்டதை 'எங்கள் வயலில், இந்த ஆண்டு, இந்த மண்ணில்' என்றே எழுதுங்கள். தஞ்சைக் களிமண்ணில் கிடைத்த விளைச்சல் புதுக்கோட்டைச் செம்மண்ணில் கிடைக்காது; பொதுவாக எழுதினால் அதை நம்பி விதைத்தவருக்கு நட்டம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கடைசியாகத் திருத்திய தேதியைப் போடுங்கள். உள்ளடக்கத்தின் தரம் என்று நான் சொல்வது இவற்றைத்தான். நீளமோ, நடையின் மெருகோ பிறகு வருகிறவை.

தமிழ்த் தளத்தில் வடிவமைப்பின் பெரும்பகுதி எழுத்தைப் படிக்கும்படி வைப்பதே. இதில் நிச்சயமாகச் சொல்லக்கூடியவையும் என் பழக்கத்தால் சொல்பவையும் உண்டு. நிச்சயமானது, நிற வேறுபாடு. உலகளாவிய அணுகல்தன்மை விதிகள் சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும் என்கின்றன. வெள்ளையின் மேல் 767676 என்ற எண் கொண்ட சாம்பல் நிறம் அந்த எல்லையில் நிற்கிறது. அதைவிட வெளிறினால் விதியை மீறிவிடும். வெயிலில் படிக்கிறவருக்கு அந்த எல்லைகூடப் போதாது, கறுப்பையே வைத்துக்கொள்ளுங்கள். கைபேசியின் குறுகிய திரையில் ஒரு வரிக்கு நான்கு தமிழ்ச் சொற்கள்தான் வரும். இருபுறமும் ஒழுங்காக நிறுத்தினால் சொற்களுக்கு நடுவே ஓட்டை விழும். இடப்புறம் மட்டும் ஒழுங்கு போதும். என் பழக்கத்தால் சொல்வது: எழுத்தளவு 17 அல்லது 18 பிக்சல், வரி இடைவெளி எழுத்தளவைப் போல் 1.7 மடங்கு. ஆங்கிலத்துக்கு வழக்கமாக வைக்கும் 1.4 தமிழுக்கு நெருக்கம். மெலிந்த எழுத்துரு மேசைக் கணினியில் நளினமாகத் தெரியும், விலை குறைந்த கைபேசியில் புள்ளி மறைந்து 'க்' என்பது 'க' ஆகிவிடும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரான் எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒன்றைத் தேர்ந்து, சாதாரணம், தடிப்பு என்ற இரண்டு கனங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எழுத்தைப் படமாகப் போடாதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். 1990-களின் இறுதியிலும் 2000-களின் தொடக்கத்திலும் பல தமிழ்ப் பத்திரிகைத் தளங்கள் தங்களுக்கெனத் தனி எழுத்துருவை வைத்திருந்தன. அது நம் கணினியில் இல்லையென்றால் திரையில் குறிகளின் குப்பைதான் தெரியும். அதற்குப் பயந்து பலர் தமிழைப் படமாக்கிப் போட்டார்கள். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட் குறிமுறை பரவிய பின் அந்தத் தேவை தீர்ந்தது. ஆனால் பழக்கம் போகவில்லை. இன்றும் விதைத் திருவிழா அறிவிப்பு முழுவதையும் ஒரு வண்ணப் படத்துக்குள் எழுதித் தளத்தில் ஏற்றுகிறார்கள். அதைத் தேடுபொறி ஒழுங்காகப் படிக்காது, பார்வையற்றவரின் திரைவாசிப்பான் சொல்லாது, முதியவர் பெரிதாக்கினால் மங்கும், தொலைபேசி எண்ணைத் தொட்டு அழைக்க முடியாது. வடிவமைப்பாளர் முகப்பு வாசகத்தை அழகான கையெழுத்தில் படமாகச் செய்து தந்தால், வாங்கிக்கொள்ளுங்கள். அதே வாசகம் உண்மையான எழுத்தாகவும் பக்கத்தில் இருக்கட்டும்.

எடையையும் சொல்ல வேண்டும். யூனிகோடின் வழக்கமான யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட் ஆகும், ஆங்கில எழுத்துக்கு ஒன்று. தமிழ் அதனால் கனமானது என்று ஒரு வடிவமைப்பாளர் என்னிடம் வாதிட்டதுண்டு. ஆயிரம் சொல் கட்டுரை ஏறத்தாழ 30 கிலோபைட். சர்வர் அதைச் சுருக்கி அனுப்பும்போது இன்னும் குறையும். கைபேசியில் எடுத்த ஒரு வயல் படம் அப்படியே ஏற்றினால் 3 மெகாபைட். ஒரு படத்துக்கு நூறு கட்டுரை. படங்களை 1,200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து வெப்பி (WebP) என்ற சுருக்கிய பட வடிவத்தில் வைத்தால் பெரும்பாலும் 200 கிலோபைட்டுக்குள் அடங்கும். பக்கத்தின் முக்கியமான பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வகுத்துள்ள அளவு. சிக்னல் மெலிந்த ஊரில் அந்த 2.5 நொடியை எட்டுவதே பெரிய வடிவமைப்புச் சாதனை.

கூகுளில் முதலில் வர வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். இங்கே எனக்கு உறுதி குறைவு. இந்தக் கணக்கை வெளியிலிருந்து யாரும் முழுமையாகச் சொல்லிவிட முடியாது, உறுதிமொழி தருகிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். கூகுள் தன் வழிகாட்டுதலில், பக்க அனுபவம் சுமாராக இருந்தாலும் பொருத்தமான உள்ளடக்கத்தையே காட்ட முயல்வதாகச் சொல்கிறது. ஒரே தரத்தில் பல பக்கங்கள் போட்டியிடும்போது வேகமும் வசதியும் உதவும் என்பதும் அதன் கருத்து. தமிழில் நெல் ரகங்களைப் பற்றி ஒருவரை ஒருவர் நகலெடுத்த பக்கங்களே நான் அதிகம் காண்பவை. அப்பாவின் வயல் குறிப்பு வேறு யாரிடமும் இல்லை.

இனிப் பணம். 40,000 என்னுடையதாக இருந்தால் இப்படிப் பிரிப்பேன். டொமைனுக்கும் (தளத்தின் முகவரி) ஹோஸ்டிங்குக்கும் (தளத்தை வைத்திருக்கும் இடம்) 5,000. அப்பா சொல்வதைக் கேட்டு எழுதி, மெய்ப்புப் பார்த்துத் தர வேளாண்மை தெரிந்த ஒருவருக்கு 12,000. நீங்களே எழுதினால் மெய்ப்புக்கு மட்டும் ஒரு பகுதி போதும். ஒவ்வொரு ரகத்தின் கதிரையும் நெல்மணியையும் அரிசியையும் அளவுகோல் அருகே வைத்து நல்ல வெளிச்சத்தில் படமெடுக்க 6,000. விலைக்கு வாங்கிய வயல் படம் வேண்டாம். தாய்லாந்து வயலை நம் ஊர் விவசாயி ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். வடிவமைப்புக்கு 12,000, தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸின் எளிய டெம்ப்ளேட் (ஆயத்த வடிவம்) ஒன்றைத் தமிழுக்கு ஏற்பச் சீர்செய்ய. மீதி 5,000-ஐத் தொடாமல் வைத்திருந்து, ஆறு மாதம் கழித்துப் படித்தவர்கள் சொன்ன குறைகளைத் திருத்தச் செலவிடுவேன். தொகைகள் ஊருக்கு ஊர் மாறும், விகிதத்தைப் பாருங்கள். முழுக்க நகரத்து வாடிக்கையாளருக்கு அரிசி விற்பதுதான் நோக்கம் என்றால், படத்துக்கும் தோற்றத்துக்கும் இன்னும் கொஞ்சம் கூட்டுவேன்.

வடிவமைப்பாளரை விரட்ட வேண்டியதில்லை. லத்தீன் வரிகள் இல்லாமல் உண்மையான தமிழ் மேட்டரை வைத்தே மாதிரி காட்ட வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். நல்லவர் மகிழ்ந்து ஒப்புக்கொள்வார், அவருக்கும் வேலை எளிதாகும். அவரிடம் போவதற்கு முன், பூங்கார் பக்கம் ஒன்றை மட்டும் எழுதி, எந்த அலங்காரமும் இல்லாமல் உங்கள் கைபேசியில் ஏற்றுங்கள். அப்பாவைப் போன்ற மூன்று பேரிடம் தனித்தனியாக, வீட்டுக்குள் இல்லாமல் களத்துமேட்டு வெயிலில் கொடுத்து, 'ஏக்கருக்கு எவ்வளவு விதை வேண்டும்?' என்று கேளுங்கள். விடை கண்டுபிடிக்கும்வரை நீங்கள் எதுவும் சொல்லக் கூடாது. எந்த இடத்தில் கண்ணைச் சுருக்கினார்கள், எதைத் தேடி மேலும் கீழும் தள்ளினார்கள், எந்தச் சொல்லுக்கு 'இது என்ன?' என்றார்கள் என்று குறித்துக்கொண்டு, அந்தத் தாளையும் பூங்கார் பக்கத்தையும் வடிவமைப்பாளரிடம் கொடுங்கள்.